மீரா என்னும் பெயர் எங்கிருந்து வந்தது, யாருடையது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் இளந்தாய் கேட்டிருக்கும் கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால், மீரா என்ற பெயருக்கு என்ன பொருள் என்பதுதான். தம் பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்த பிறகு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். மாமியார் அது கண்ணனைப் பாடிய பக்தையின் பெயர் என்கிறார். பக்கத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் மலாய்த் தோழி அது அமிராவின் சுருக்கம், இளவரசி என்று பொருள் என்கிறார். கணவருடன் வேலை செய்யும் ஒருவர் ரஷ்ய மொழியில் அது அமைதியைக் குறிக்கும் என்றாராம். இணையத்தில் தேடினால் கடல் என்று வருகிறதாம். கணவரின் அண்ணனோ, அது முஸ்லிம் ஆண்களுக்கு வைக்கும் பெயர், நம் பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பெயராகப் பார்த்து மாற்றுங்கள் என்கிறார். இவற்றில் எது உண்மை என்பது அவர் கேள்வி. அவர் உண்மையில் கேட்பது, இந்தப் பெயர் யாருடையது, எங்கள் மகள் இதை உரிமையோடு சுமக்கலாமா என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் மொழியியல் பயின்று, பேராக்கின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். மக்கட்பெயர்களைப் பற்றிய ஆர்வம் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டியதில் பிறந்தது. தமிழும் வடமொழியும் தொடர்பான பகுதியைப் பயிற்சியின் பலத்தில் சொல்கிறேன். ரஷ்யம் முதலிய ஸ்லாவிய மொழிகளும் பிற ஐரோப்பிய மொழிகளும் தொடர்பானதை அகராதிகளின் துணையோடு மட்டுமே சொல்கிறேன். பெயராய்வில் ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும்: ஒரு சொல்லின் வேர் எது என்பது ஒரு கேள்வி, அந்தச் சொல் எந்த வழியாக ஒரு குடும்பத்துக்குள் பெயராக வந்தது என்பது வேறொரு கேள்வி. பெயர் அகராதிகள் முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் அரைகுறையாக, விடை சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. உங்கள் வீட்டில் எழுந்திருக்கும் கருத்து வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டும் கலந்ததால் வந்தது.

வழியைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. தமிழ் இந்துக் குடும்பங்களில் பெண்களுக்கு வழங்கும் மீரா என்ற பெயர், 16ஆம் நூற்றாண்டில் இராஜஸ்தானத்தில் வாழ்ந்த மீராபாயிடமிருந்து வந்தது. உங்கள் மாமியார் சொல்வது சரி. மேர்த்தாவை ஆண்ட ராத்தோர் குடியில் பிறந்தவர், மேவாரின் ராணா சங்காவினுடைய குடும்பத்தில் மணம் செய்து கொடுக்கப்பட்டவர், கிரிதரன் என்று கண்ணனை அழைத்து அவனையே கணவனாகக் கொண்டு பாடியவர் என்ற அளவில் மரபு ஒத்துப்போகிறது. அவர் பிறந்தது 1498 என்றும் மறைந்தது 1546 அல்லது 1547 என்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன. இந்த ஆண்டுகளை உறுதியானவையாகக் கொள்ளாமல் தோராயமானவையாகக் கொள்வதே நேர்மை. நாபாதாசர் 1600ஐ ஒட்டி இயற்றிய பக்தமாலையில் மீராவைப் பற்றிய ஒரு பாடல் இருக்கிறது. உலக நாணத்தையும் குல வழக்கத்தையும் விட்டவர், நஞ்சு கொடுக்கப்பட்டும் அஞ்சாதவர் என்று அது அவரைப் போற்றுகிறது. அதன்பின் 1712இல் பிரியாதாசர் எழுதிய விரிவுரையில்தான் நாம் இன்று கேட்கும் கதைகளில் பல முழு உருவம் பெறுகின்றன. மீராவின் பெயரில் வழங்கும் பாடல்கள் எண்ணிக்கையில் மிகுதி. பழைய சுவடிகளில் காணப்படுபவை மிகக் குறைவு. ஆகவே எந்தப் பாடல் அவர் வாய்மொழி, எது பின்னர் வந்தவர்கள் அவர் குரலில் பாடியது என்று பிரிப்பது கடினம். ஆனால் பெயரைத் தேடும் நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. வடநாட்டுப் பக்திப் பாடல்களின் இறுதி அடியில் பாடியவரின் பெயர் முத்திரையாக வரும். மீராவின் பாடல்கள் பெரும்பாலும் 'மீராவின் பிரபு கிரிதர நாகரன்' என்ற தொடரில் முடிகின்றன. ஆயிரக்கணக்கான வாய்கள் அந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடியதால்தான், அரசவைப் புலவர் எவரும் போற்றாத ஒரு பெண்ணின் பெயர் 400 ஆண்டுகளைக் கடந்து நம் ஊர்த் தாமான் வரைக்கும் வந்திருக்கிறது.

தமிழ் வீடுகளுக்குள் அந்தப் பெயர் பரவலாக நுழைந்த காலமும் ஓரளவு தெளிவானது. 1945இல் எம். எஸ். சுப்புலட்சுமி மீராவாக நடித்து, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய தமிழ்ப்படம் வெளியானது. கல்கி எழுதிய 'காற்றினிலே வரும் கீதம்' அந்தப் படத்துப் பாட்டுதான். இந்தி வடிவம் 1947இல் வந்தது. அதற்கு முன்பும் பஜனைக் கூடங்களிலும் கற்றறிந்த குடும்பங்களிலும் மீராவைத் தெரிந்திருந்தார்கள். ஆனால் பாட்டாளி வீடுகளில் ஒரு பெண் குழந்தைக்குச் சூட்டும் அளவுக்கு அந்தப் பெயரைக் கொண்டுவந்தது திரையும் வானொலியும் இசைத்தட்டும்தான் என்பது என் முடிவு. நான் பணியாற்றிய பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போருக்கு முன் பிறந்த பெண்களின் பெயர்கள் அஞ்சலை, முனியம்மா, மாரியாயி, அங்கம்மா, பாப்பாத்தி என்று குலதெய்வத்தையும் ஊர் வழக்கத்தையும் ஒட்டியே இருக்கின்றன. ஐம்பதுகளில் பிறந்தவர்கள் சேரும் பக்கங்களுக்கு வரும்போது சாரதா, வசந்தா, ராஜேஸ்வரி என்று மாறி, அவற்றுக்கிடையே மீராவும் தலைகாட்டத் தொடங்குகிறது. தோட்டத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலம் அது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டில் வாழ்ந்து, பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய ஒரு தாய், தன் மகளுக்குக் காளியம்மன் பெயரை விட்டு மீரா என்று வைத்தாள் என்றால், அவள் சொற்பிறப்பு பார்த்து வைக்கவில்லை. ஒரு பாட்டையும் ஒரு முகத்தையும் எண்ணி வைத்தாள். பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

இனி வேர். இங்கேதான் தெளிவு குறைகிறது. இணையம் 'கடல்' என்று சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. சமஸ்கிருத அகராதிகளில் 'மீர' என்ற ஆண்பால் சொல்லுக்குக் கடல், எல்லை முதலிய பொருள்கள் தரப்பட்டுள்ளன. ஆனால் இந்தச் சொல் இலக்கண உரைகளிலும் நிகண்டுகளிலும் பதிவாகியிருக்கிறதே தவிர, இலக்கியத்தில் இயல்பாகப் புழங்கிய சொல் அன்று. அகராதியில் உறங்கும் ஒரு சொல்லை எடுத்து, 16ஆம் நூற்றாண்டில் மேர்த்தாவில் பிறந்த ஒரு பெண்ணின் பெற்றோர் அதைப் பெண்பாலாக்கிச் சூட்டினார்கள் என்று நம்புவது எனக்கு எளிதாக இல்லை. பெயர் முதலில் இருந்து, பொருள் பின்னால் தேடப்பட்டு, ஒலி ஒத்த ஒரு பழஞ்சொல் அகப்பட்டதும் அதையே விளக்கமாக ஒட்டிவிட்டார்கள் என்பதே பெரிதும் நிகழ்ந்திருக்கக் கூடியது. பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மெய் என்று நிறுவவும் முடியாது.

மற்றொரு கருத்து இந்தி ஆய்வாளர்களிடையே நெடுநாள் பேசப்பட்டது. பாரசீகத்தில் 'மீர்' என்றால் தலைவன். அது அரபு மொழியின் 'அமீர்' என்பதன் குறுக்கம். அமீர் என்பதோ கட்டளையிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. மீர் என்பதன் பன்மை 'மீரான்'. நாம் ஒருவரையே 'அவர்கள்' என்று சொல்வது போல, பன்மையை மரியாதைக்காக ஒருவருக்கே வழங்கும் வழக்கத்தில் அதுவும் பட்டமாயிற்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வடநாட்டுப் பக்தர்களின் மொழியில் பாரசீகச் சொற்கள் தாராளமாகக் கலந்திருந்தன. 1604இல் தொகுக்கப்பட்ட சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தில் சீக்கிய குரு அர்ஜனின் ஒரு பாடல் இறைவனையே 'மீராம்' என்று விளிக்கிறது. மேர்த்தாவுக்கு அதிகத் தொலைவில்லாத அஜ்மீரின் தாராகட் மலைமேல் மீரான் சையது ஹுசைன் அவர்களின் தர்கா இருக்கிறது. இவற்றையெல்லாம் வைத்து, மீராபாயின் பெயரே இந்தச் சொல்லோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று சிலர் கருதினார்கள். பலர் மறுத்தார்கள், மறுப்பில் அறிவுக் காரணங்களும் இருந்தன, மனம் ஏற்க விரும்பாத தயக்கமும் இருந்தது. என் மதிப்பீட்டில் இது நடந்திருக்கக் கூடியது, ஆனால் நேரடிச் சான்றில்லாதது. கடல் என்ற விளக்கத்தைவிட ஒரு படி வலுவானது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கணவரின் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி முற்றிலும் சரியானது. தமிழ் முஸ்லிம்களிடையே மீரா என்பது நெடுங்காலமாக ஆண்களின் பெயரில் வரும் சொல். மீரா சாகிபு, மீரா முகைதீன், மீரா லெப்பை, மீரா உசேன் என்று நம் பெரியவர்கள் எத்தனையோ பேரை அறிந்திருப்பார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் மூத்த அண்ணன் பெயர் முகம்மது முத்து மீரா லெப்பை மரைக்காயர். இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1989இல் பதவியேற்ற பாத்திமா பீவியின் தந்தை மீரா சாகிபு. இந்த மீராவின் வேரில் குழப்பம் எதுவும் இல்லை. மேலே சொன்ன மீரான்தான் இது. இன்னொரு பெயருக்கு முன்னால் வரும்போது இறுதி 'ன்' தேய்ந்து, மீரான் முகைதீன் என்பது மீரா முகைதீன் ஆகிறது. தனித்தோ இறுதியிலோ வரும்போது மீரான் என்றே நிற்கிறது. மீரான் முகைதீன் என்பது பக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி அவர்களைப் போற்றும் பெயர். அவர் பெயரால் வழங்கும் காதிரிய்யா என்ற சூபி நெறியைச் சேர்ந்த நாகூர் சாகுல் ஹமீது நாயகமும் மீரான் சாகிபு என்றே மக்களால் அழைக்கப்பட்டார்கள். தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் அந்தப் பெயர் வேரூன்றியதற்கு நாகூரே பெருங்காரணம்.

நாகூர் நமக்கும் அயலூர் அன்று. நம் முன்னோர் பலர் கப்பலேறிய நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர் அது. கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பினாங்கில் சூலியா தெருவை ஒட்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்காவை எழுப்பினார்கள். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் இருப்பது 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. தஞ்சைப் பகுதி இந்துக் குடும்பங்களில் நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கு நாகூரான் என்றும் நாகூரம்மாள் என்றும் பெயர் வைத்தவர்கள் உண்டு. இந்தச் செய்திகளை விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அது முஸ்லிம் பெயர்' என்ற சொல் உங்கள் வீட்டில் ஒரு குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது குறையில்லை, தமிழ் பேசும் மக்களிடையே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஒரு மரியாதைச் சொல். நம் ஊர்க் கடைத்தெருவில் ஒரே தெருவின் இரு முனைகளில், உணவுக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் பூக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவரும் மீரா என்ற ஒரே எழுத்துகளைத் தம் பெயரில் சுமக்கிறார்கள். ஒருவர் பெயர் நாகூரிலிருந்தும் மற்றவர் பெயர் மேர்த்தாவிலிருந்தும் புறப்பட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சாகுல் ஹமீது நாயகமும் மீராபாயும் ஒரே 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். மேலே சொன்ன இரண்டாம் கருத்து உண்மையானால், இருவர் பெயரும் ஒரே பாரசீகச் சொல்லின் இரு கிளைகளாகிவிடும். அப்போதும் உங்கள் மகளுக்குப் பெயர் வந்த வழி மாறிவிடாது. அவள் பெயர் பக்தை மீராவின் பெயரே. மீரா முகைதீனின் பெயர் வேறு வழியில் வந்தது.

மலாய்த் தோழி சொன்னதும் அவர் மொழியின் வழக்கப்படி சரி. அமிரா என்பது அமீரின் பெண்பால். இளவரசி, தலைவி என்ற பொருளில் மலாய்க் குடும்பங்களில் மிகவும் விரும்பப்படும் பெயர். வீட்டில் அதைச் சுருக்கி மீரா என்று கூப்பிடுவது இயல்பு. சில வேளைகளில் 'மிரா' என்ற ஒலிக்கு இறுதியில் ஹகரம் சேர்த்து 'மிராஹ்' என்று எழுதப்படுவதையும் பார்க்கலாம். மலாயில் அந்த எழுத்துக்கூட்டு சிவந்த மணிக்கல்லைக் குறிக்கும் சொல், சிவப்பைக் குறிக்கும் 'மேரா' என்பதற்கு உறவானது. அது அமிராவுக்கும் தொடர்பில்லாதது, மீராபாய்க்கும் தொடர்பில்லாதது. ஆனால் அமிராவும் தமிழ் முஸ்லிம்களின் மீராவும் மட்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

ரஷ்ய விளக்கத்தையும் ஐரோப்பியப் பெயர்களையும் சுருக்கமாகவே தொடுகிறேன், ஏனென்றால் அவை நம் மீராவுக்கு உறவினர் அல்லர், ஒலியால் மட்டும் ஒத்தவர்கள். ஸ்லாவிய மொழிகளில் 'மிர்' என்றால் அமைதி, உலகம் இரண்டும். 1918க்கு முந்தைய ரஷ்ய எழுத்து முறையில் இவ்விரண்டையும் வெவ்வேறு 'இ' எழுத்தால் வேறுபடுத்தி எழுதினார்கள், சீர்திருத்தத்துக்குப் பின் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சோவியத் ஒன்றியம் 1986இல் ஏவிய விண்வெளி நிலையத்தின் பெயரும் அதே மிர்தான். மிரோஸ்லாவா போன்ற நீண்ட பெயர்களைச் சுருக்கி அங்கே மிரா என்கிறார்கள். அல்பேனிய மொழியில் அதே ஒலி நல்லவள் என்ற பொருள் தரும். எபிரேயத்தில் மெய்ரா என்றால் ஒளி தருபவள். இலத்தீனில் 'மிரா' என்றால் வியப்புக்குரியவள். ஷேக்ஸ்பியர் தம் நாடகத்துத் தலைவிக்கு மிராண்டா என்று பெயரிட்டது இதே வேரிலிருந்துதான்.

இலத்தீன் மிராவைப் பற்றி மட்டும் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் அதை உங்கள் மகளுக்கு ஒருநாள் வானத்தில் காட்டலாம். திமிங்கில விண்மீன் கூட்டத்தில் மிரா என்ற ஒரு விண்மீன் உண்டு. 1596இல் டேவிட் ஃபப்ரிசியஸ் என்ற வானியலாளர் அதைக் கவனித்தார். பின்னர் அது மங்கி மறைந்தது, மீண்டும் தோன்றியது. ஏறத்தாழ 332 நாளுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளிர்ந்து, பிறகு தொலைநோக்கி இல்லாமல் காணமுடியாதபடி மங்கிவிடும் விண்மீன் அது. அந்த வியப்பினாலேயே 17ஆம் நூற்றாண்டில் வானியலாளர் ஹெவேலியஸ் அதற்கு மிரா என்று பெயரிட்டார். வானநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நம் நாட்டிலிருந்து பார்க்கும்போது அது ஏறத்தாழ உச்சிவானம் வரை ஏறும். அது ஒளிர்ந்திருக்கும் காலம் பார்த்துத் தேட வேண்டும்.

ஒலி ஒன்றாக இருந்தும் வழி வேறாக இருப்பதற்கு இரண்டு பெண்மணிகள் நல்ல சான்று. புதுச்சேரி ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னை என்று வணங்கப்பட்டவர் 1878இல் பாரிஸில் பிறந்தவர். அவர் பெயர் மிர்ரா அல்ஃபாசா. இந்தியாவுக்கு வந்து மீராவின் பக்தியால் ஈர்க்கப்பட்டு அந்தப் பெயரை ஏற்றார் என்று நம்மவர்கள் சிலர் எழுதுகிறார்கள்; அது தவறு. அவர் 1914இல் முதன்முறை புதுச்சேரிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, பிறப்பிலேயே, மிர்ரா. காந்தியடிகளின் ஆசிரமத்தில் வாழ்ந்த மீராபென்னின் கதை இதற்கு நேர்மாறு. அவர் மெடலின் ஸ்லேட் என்ற ஆங்கிலேயப் பெண். 1925இல் சபர்மதிக்கு வந்தபோது காந்தியடிகள் மீராபாயை நினைத்தே அவருக்கு மீரா என்று பெயர் சூட்டினார். அவர் தந்தை பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். அந்த 'அட்மிரல்' என்ற பதவிப்பெயரே, கடலின் தலைவன் என்ற பொருளில் அரபு 'அமீர்' ஐரோப்பாவுக்குப் போய்த் திரிந்த வடிவம்! தந்தையின் பதவியில் அமீர் ஐயமின்றி இருக்கிறது. மகளின் பெயரில் இருக்கிறதா என்பதைத்தான் அறிஞர்களால் முடிவு செய்ய இயலவில்லை. இரண்டு பெண்களில் உங்கள் மகளின் பெயருக்கு உறவுடையவர் மீராபென்; மிர்ரா அல்ல.

எஞ்சியிருப்பது, இது தமிழ்ப்பெயரா என்ற கேள்வி. நம் நாட்டில் தனித்தமிழ்ப் பெயர் சூட்ட வேண்டும் என்று உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். என் மாணவர்களின் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட பெயர்களைத் தேடிக் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அந்த ஆர்வத்தில், 'மீ' என்றால் மேல், 'இரா' என்றால் இரவு, ஆகவே மீரா தூய தமிழ் என்று விளக்கம் கட்டுவதை ஏற்க முடியாது. மீ என்ற சொல் தமிழில் இருப்பது உண்மை. அதனால் மீரா என்ற பெயர் தமிழில் பிறந்தது என்று ஆகிவிடாது. பழந்தமிழ் நூல்களிலோ கல்வெட்டுகளிலோ பெண்பெயராக அது வழங்கிய தடயமும் இல்லை. சிவகங்கைக் கவிஞர் மீராவை எடுத்துக்காட்டி வாதிடுபவர்களும் உண்டு. அவர் பெயர் மீ. ராசேந்திரன், தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்படிப் புனைபெயர் வைத்துக்கொண்டவர் என்பதால் அவரை இந்த வழக்கில் இழுக்க முடியாது. பிறப்பால் தமிழ்ப்பெயரா என்று கேட்டால், இல்லை. தமிழரின் பெயரா என்று கேட்டால், ஆம். இந்துக்களிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும், பெண்ணுக்கும் ஆணுக்கும், வெவ்வேறு வழியில் வந்து தமிழ் எழுத்தில் ஒரே உருவம் பெற்ற பெயர். சரஸ்வதி, லட்சுமி, ராஜேந்திரன் ஆகியோரும் பிறப்பால் தமிழ்ப்பெயர் உடையவர்கள் அல்லர். அவர்களிடம் யாரும் பெயரை மாற்றச் சொல்வதில்லை. தனித்தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று நீங்களும் உங்கள் கணவரும் விரும்பினால் அது நல்ல விருப்பம், தாராளமாகத் தேடலாம். பிறர் பெயரைச் சூட்டிவிட்டோமோ என்ற அச்சத்தால் மாற்ற வேண்டிய தேவை சிறிதும் இல்லை.

பிற்பாடு அலுவலகங்களில் மதம் பற்றிய குழப்பம் வருமோ என்றும் உங்கள் கேள்வியின் இறுதியில் கவலைப்பட்டிருக்கிறீர்கள். பெயரை மட்டும் கேட்ட ஒருவர் அவளை மலாய்ப் பெண் என்று நினைக்கக் கூடும். ஆவணத்தில் அந்த ஐயத்துக்கு இடம் குறைவு. முஸ்லிம் பெண்ணின் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் மகள் என்று பொருள்படும் 'பிந்தி' வரும். நம் பெண்களுக்கு, மகள் என்பதற்கான மலாய்ச் சொல்லின் சுருக்கமான 'ஏ/பி' என்ற குறி வரும். அடையாள அட்டையிலும் முஸ்லிம்களுக்கு மட்டுமே இஸ்லாம் என்று அச்சிடப்படுகிறது. பெயர்ச்சொல் ஒருவரின் மதத்தை நிர்ணயிப்பதில்லை.

நான் கவனிக்கச் சொல்வது எழுத்துக்கூட்டை. தோட்டங்களில் கிராணியார் (அலுவலக எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய காலத்தில், ஒரே வீட்டில் அக்காள் பெயர் ஒரு விதமாகவும் தங்கை பிள்ளையின் பெயர் வேறு விதமாகவும் பதிவானது. நான் பார்த்த ஒரு சேர்க்கைப் பதிவேட்டில், மஞ்சளித்த தாளின் இடப்பக்கத்தில் ஆசிரியர் அழகான கையெழுத்தில் 'மீரா' என்று தமிழில் எழுதியிருக்கிறார். அதே வரியின் வலப்பக்கத்தில், பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து ரோமன் எழுத்தில் எடுத்தெழுதிய பெயர் சிவப்பு மணிக்கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாக நிற்கிறது. மலாய் எழுத்து முறையில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ஆகவே எம், ஐ, ஆர், ஏ என்று எழுதினால் மலாய் ஆசிரியர்கள் சரியாகவே படிப்பார்கள், ஆனால் அமிராவின் சுருக்கமாக எண்ணுவார்கள். எம், இரண்டு ஈ, ஆர், ஏ என்று எழுதினால் ஒரு சிலர் 'மே-எ-ரா' என்று தடுமாறுவார்கள், ஆனால் இந்தியப் பெயர் என்பது பார்த்தவுடன் விளங்கும். இரண்டில் எதுவும் பிழையில்லை; நான் இரண்டாவதையே விரும்புவேன். இறுதியில் ஹகரத்துக்குரிய எச் எழுத்தை மட்டும் சேர்க்க வேண்டாம். அது பெயரை அரபு அல்லது மலாய் வடிவத்துக்குக் கொண்டுபோய்விடும். பிறப்புப் பத்திரத்தில் எது பதிவாகியிருக்கிறதோ அதையே தடுப்பூசிப் புத்தகம், கடப்பிதழ், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் பயன்படுத்துங்கள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கப் போகும்போது தமிழ் வடிவத்தை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: முதலெழுத்து நெடில் 'மீ', இரண்டாவது இடையின 'ரா'. வல்லின 'றா' போட்டு எழுதினால் அது மீறுதல் என்ற வேறொரு சொல்லின் பக்கம் போய்விடும்.